போர்ன் படங்களில் நடித்தவரின் மதமும் பூர்வீகமும்: எழுத உட்காருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சன்னி லியோனியைப் பற்றித் தமிழில் வந்தவற்றைத் தேடிப் படித்தால் இரண்டே கதைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. "சீக்கியக் குடும்பத்தில் பிறந்த பெண் இப்படிப் போய்விட்டாரே" என்பது ஒன்று. "இப்போது பாருங்கள், பிள்ளைகளை வளர்க்கிறார், சாமி கும்பிடுகிறார், திருந்திவிட்டார்" என்பது இன்னொன்று. முதல் கதையில் மதத்தை வைத்து அடிக்கிறார்கள், இரண்டாவதில் மதத்தை வைத்துக் கழுவுகிறார்கள். இரண்டிலும் அந்தப் பெண்ணின் நம்பிக்கை என்ன, அவர் எந்த மண்ணிலிருந்து வந்தார், அந்த மண் அவரை எப்படி நடத்தியது என்ற ஒரு தகவலும் வாசகருக்குக் கிடைப்பதில்லை.

யூடியூபுக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள், இணைய இதழ்களில் ஆளுமைக் கட்டுரை எழுதுகிறவர்கள், விக்கிப்பீடியாவில் பக்கம் தொடங்குகிறவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போர்ன் தொழில் நல்லதா கெட்டதா என்ற வாதம் இங்கே வேண்டாம். அதில் உங்களுக்கு எந்தக் கருத்து இருந்தாலும் சரி, அந்தத் தொழிலில் இருந்த ஒரு மனிதரின் மதத்தையும் பூர்வீகத்தையும் எழுதும்போது ஒரு வங்கி அதிகாரியைப் பற்றியோ கிரிக்கெட் வீரரைப் பற்றியோ எழுதுவதைப் போலவே எழுத வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆண்டு, ஊர், குடும்பம், சடங்கு, அவரே சொன்ன சொல். இவை இருந்தால் எழுதலாம், இல்லாவிட்டால் அந்தப் பத்தியே வேண்டாம்.

பிறந்த வீட்டிலிருந்து தொடங்குங்கள்

சன்னி லியோனியையே எடுத்துக்கொள்வோம். 2014இல் 'வடகறி' படத்தில் ஒரு பாட்டுக்கு ஆடினார், 2022இல் 'ஓ மை கோஸ்ட்' வந்தது, ஆகவே தமிழ் வாசகருக்கு முகம் தெரிந்தவர். ஆனால் அவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டால் பலர் மும்பை என்பார்கள், சிலர் பஞ்சாப் என்பார்கள்.

1981 மே 13இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சார்னியா என்ற ஊரில் பிறந்தார். செயின்ட் கிளேர் ஆற்றுக்கு இந்தப் பக்கம் சார்னியா, அந்தப் பக்கம் அமெரிக்காவின் போர்ட் ஹூரான். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் வரிசையாக நிற்கும் தொழில் ஊர் அது. அப்பா திபெத்தில் பிறந்து டெல்லியில் வளர்ந்தவர். அம்மாவின் ஊர் இமாச்சலப் பிரதேசத்தின் சிர்மௌர் பகுதி. வீடு சீக்கிய வீடு, பள்ளி கத்தோலிக்கப் பள்ளி. பதின்மூன்று வயதில் குடும்பம் மிச்சிகனுக்குப் போய், அங்கிருந்து சீக்கிரமே கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது.

இந்த ஐந்தாறு தகவலை வரிசையாக வைத்தாலே பாதிக் கட்டுரை தானாக எழுந்து நிற்கும். திபெத், டெல்லி, இமாச்சலம், ஒன்டாரியோ என்று இரண்டு தலைமுறைக்குள் இத்தனை எல்லைகளைத் தாண்டிய குடும்பம் அது. மொழியால் பஞ்சாபி, மதத்தால் சீக்கியர், பிறப்பால் கனடியர் என்ற மூன்றும் மூன்று தனித்தனிச் செய்திகள். இவற்றை உருட்டி "வட இந்தியப் பெண்" என்று ஒரே உருண்டையாக்கி வாசகர் கையில் கொடுக்காதீர்கள்.

தகவல் இல்லாத இடத்தில் பஞ்சு அடைக்கவும் வேண்டாம். "சிறுவயதில் தினமும் குருத்வாராவுக்குப் போய் கீர்த்தனை கேட்டு வளர்ந்தவர்" என்று ஒரு வரி போட்டால் கட்டுரை உருகும்தான், ஆனால் அப்படி அவர் எங்கே சொன்னார் என்று நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், இது வெளிநாட்டில் வளர்ந்த தமிழர்களுக்குச் சட்டென்று புரியும். அயல்நாட்டு ஊர்களில் குருத்வாராவோ கோவிலோ வெறும் வழிபாட்டு இடமாக நிற்பதில்லை. கல்யாணப் பேச்சும் வேலைத் தகவலும் ஊர் வம்பும் அங்கேதான் ஓடும். அங்கே பெயர் கெட்டால் பெற்றோர் தலைநிமிர்ந்து போக முடியாது. தன் இருபத்தோராவது வயதில் சொந்த இந்தியச் சமூகத்திலிருந்தே வெறுப்புக் கடிதங்கள் வந்ததை அவர் பேட்டியில் சொல்லியிருக்கிறார். 2003இல் அவர் பெண்ட்ஹவுஸ் என்ற ஆங்கிலக் கவர்ச்சிப் பத்திரிகையின் அந்த ஆண்டு முகமாகத் தேர்வானார். அவர் சொல்லும் வயதை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ அதே காலம்தான். ஆகவே "பூர்வீகம்" என்ற தலைப்பின் கீழ் பெருமையை மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது, சொந்தச் சமூகம் கொடுத்த அடியும் அதே தலைப்பின் கீழ்தான் வரும்.

பெயர் விஷயத்தில் அவசரம் வேண்டாம்

அவருடைய இயற்பெயர் கரன்ஜித் கவுர் வோஹ்ரா. 'சன்னி' என்பது தன் சகோதரரின் செல்லப் பெயர் என்று அவரே சொல்லியிருக்கிறார், 'லியோனி' பெண்ட்ஹவுஸ் பத்திரிகைக்காரர்கள் ஒட்டியது. 2018 ஜூலையில் அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் இணையத் தொடர் ஒன்று ஜீ5 தளத்தில் வந்தது, அதன் தலைப்பிலேயே 'கரன்ஜித் கவுர்' இருந்தது. குருத்வாராக்களை நிர்வகிக்கும் அமைப்பான, அமிர்தசரஸிலிருந்து இயங்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி, நாம் எஸ்ஜிபிசி என்று சொல்வது, எதிர்ப்புத் தெரிவித்தது. சீக்கிய குருமார்களின் போதனைப்படி நடக்காதவர் அந்தப் பெயரைத் தலைப்பில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

இதை எப்படி எழுதுவது? பெரும்பாலான செய்திகளில் "சன்னி லியோனிக்கு சீக்கியர்கள் எதிர்ப்பு" என்று ஒரு வரி, கூடவே ஒரு கவர்ச்சிப் படம், அத்தோடு கதை முடிந்தது. வாசகருக்கு 'கவுர்' என்றால் ஏன் இவ்வளவு என்றே தெரியாமல் போய்விடும். 1699இல் குரு கோவிந்த் சிங், தீட்சை பெற்ற சீக்கியர்களின் சமூகமான கால்சாவை நிறுவியதோடு சீக்கிய மரபு அந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்கிறது. ஆண்களுக்கு சிங், பெண்களுக்கு கவுர். சாதிப் பெயரை விட்டொழிக்கவும், பெண் தன் அடையாளத்துக்கு அப்பனையோ புருஷனையோ நம்பி நிற்க வேண்டாம் என்பதற்காகவும் வந்த ஏற்பாடு என்று சீக்கியர்கள் பெருமையோடு சொல்வார்கள். இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டால் எஸ்ஜிபிசியின் கோபத்துக்கும் ஒரு காரணம் தெரியும், அதே சமயம் பெற்றவர்கள் வைத்த பெயரை ஒரு பெண்ணிடமிருந்து ஒரு அமைப்பு திரும்பக் கேட்கலாமா என்ற கேள்வியும் வாசகர் மனதில் தானாக எழும். என் மனதில் எழுந்தது. கேட்கக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றலாம், ஆனால் இரு தரப்பையும் வைத்த பிறகு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மோசமான வாக்கியம் இப்படி இருக்கும்: "குருவின் புனிதப் பெயரைத் தாங்கிக்கொண்டு ஆபாசப் படங்களில் நடித்தவர் சன்னி." சரியான வாக்கியம்: "2018இல் வந்த தொடரின் தலைப்பில் 'கவுர்' இடம்பெற்றதை எஸ்ஜிபிசி எதிர்த்தது. அது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர்." இரண்டாவதில் ருசி இல்லை என்று எடிட்டர் சொல்வார். சொல்லட்டும், விட்டுக்கொடுக்காதீர்கள்.

முக்கியமான எச்சரிக்கை. சன்னியின் இயற்பெயர் அவரே வெளியில் சொன்னது, அதனால் எழுதலாம். எல்லோருக்கும் அப்படி இல்லை. இந்தத் தொழிலில் மேடைப் பெயர் என்பது பாதுகாப்பு வேலி. இயற்பெயர், ஊர், சாதி, வழிபடும் இடம் ஆகியவற்றைத் தோண்டி எடுத்துப் போடுவது அந்தக் குடும்பத்தை ஊர் முன்னால் நிறுத்துவதற்குச் சமம். தானே பகிரங்கமாகச் சொல்லாதவரின் இயற்பெயரை எந்தக் காரணத்துக்காகவும் எழுதாதீர்கள். குறிப்பாக நம் ஊரில் ஒரு குடும்பப் பெயரை வைத்தே சாதி வரை போய்விடுவார்கள்.

பெற்றோரின் மதத்தைப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள்

இதற்கு நைனா ஹார்ட்லியின் கதையைவிட நல்ல பாடம் இல்லை. 1959இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்து, 1984இல் போர்ன் படங்களில் நடிக்கத் தொடங்கி, பத்தாண்டுகள் பல கடந்தும் அந்தத் துறையில் இருந்தவர். சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செவிலியர் பட்டம் பெற்றவர். பாலியல் கல்வி பேசுகிறவர், தன்னைப் பெண்ணியவாதி என்று சொல்லிக்கொள்கிறவர். மேடைப் பெயரின் முதல் பாதியைத் தேர்ந்த காரணம் நடைமுறை சார்ந்தது: சான் பிரான்சிஸ்கோவில் நடனமாடிய நாட்களில் ஜப்பானியச் சுற்றுலாக்காரர்களின் வாயில் எளிதாக வரும் பெயர் அது.

அவருடைய அம்மா யார் தெரியுமா? ஜென்கெய் பிளாஞ்ச் ஹார்ட்மன். ஜென் என்ற புத்த மதப் பிரிவைச் சேர்ந்த சான் பிரான்சிஸ்கோ ஜென் மையத்தின் தலைமைக் குருவாக 1996இல் பொறுப்பேற்றவர், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். அலபாமாவின் பர்மிங்ஹாமில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1969 வாக்கில் ஜென் தியானத்துக்கு வந்து, ஷுன்ரியு சுசூகி என்ற ஜென் குருவிடம் பயின்று, 1977இல் துறவு தீட்சை பெற்றவர். அப்பா லூ ஹார்ட்மனும் ஜென் துறவிதான். அவர் அதற்கு முன்பு வானொலி அறிவிப்பாளர், கம்யூனிஸ்ட். 1957இல் அமெரிக்காவின் கம்யூனிஸ்ட் வேட்டையில் வேலையை இழந்தவர். அந்த வானொலியில் அவர் பேசியதும் சொந்தப் பெயரில் அல்ல, ஜிம் கிரேடி என்ற பெயரில்.

இந்தத் தகவல் கைக்குக் கிடைத்ததும் எழுதுகிறவருக்கு என்ன ஆசை வரும் என்று எனக்குத் தெரியும். "அம்மா துறவி, மகள் போர்ன் நடிகை!" தலைப்பு ரெடி, கிளிக் ரெடி. இந்தத் தலைப்பை வைத்துவிட்டால் பிறகு கீழே நீங்கள் என்ன எழுதினாலும் யாரும் படிக்கப் போவதில்லை, கமெண்ட்டில் அம்மாவையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போவார்கள்.

அதற்குப் பதிலாக அந்த அம்மா செய்த வேலையைக் கிட்டே போய்ப் பாருங்கள். பிளாஞ்ச் ஹார்ட்மன் தன் சீடர்களுக்கு அங்கி தைக்கக் கற்றுக்கொடுத்தவர். ஜென் மரபில் தீட்சை வாங்குகிறவர் தன் அங்கியைத் தானே கையால் தைக்க வேண்டும். இல்லறத்தில் இருப்பவர்களுக்குக் கழுத்தில் தொங்கும் சின்னத் துணி, பெயர் ரகுசு. துறவிகளுக்கு முழு அங்கி. இரண்டிலும் துண்டு துண்டாகத் துணியைச் சேர்த்துத் தைக்கும் முறை ஒன்றுதான். மகத நாட்டின் வயலையும் வரப்பையும் பார்த்து, அதே போல அங்கியைத் தைக்கச் சொல்லி ஆனந்தரிடம் புத்தர் சொன்னதாக மரபு. ஊசி ஒவ்வொரு முறை துணியில் இறங்கும்போதும் "நமு கியே புட்சு" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார்கள், புத்தரைச் சரணடைகிறேன் என்று பொருள். ஆயிரக்கணக்கான தையல், ஒவ்வொன்றுக்கும் ஒரு சரணம்.

இது பிளாஞ்ச் ஹார்ட்மனின் நம்பிக்கை. அவருடைய மகள் அந்த ஊசியைப் பிடித்தாரா, தியானத்தில் உட்கார்ந்தாரா என்பது வேறு கேள்வி, அதை மகளின் வாயிலிருந்துதான் எடுக்க வேண்டும். பெற்றோர் ஜென் வழியில் போனதால் மகளின் பாலியல் பார்வை புத்த மதத்திலிருந்து வந்தது என்று ஒரு கோட்பாடு கட்டுவதும் தவறு, பெற்றோர் துறவு போனதால்தான் பிள்ளை கெட்டது என்று முடிச்சுப் போடுவதும் தவறு. பிளாஞ்ச் ஹார்ட்மன் 2016இல் காலமானார், அவருடைய சீடர்கள் இன்னும் தைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர் ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்தவர். மகளின் கட்டுரையில் அவரை அதிர்ச்சிக்காகப் பயன்படுத்துவது இருவருக்கும் செய்யும் அநியாயம். ஒரு பத்தி ஒதுக்கி, இந்த வீட்டில் இப்படியான மனிதர்கள் இருந்தார்கள், பொதுவழியை விட்டு விலகி நடந்தவர்கள், அதற்கு விலையும் கொடுத்தவர்கள் என்று எழுதுங்கள். போதும். மீதியை வாசகர் பார்த்துக்கொள்வார்.

உடையும் சின்னமும் யார் முடிவு?

இந்தத் தொழிலில் இனமும் நாடும் விற்பனைச் சரக்கு. தளங்களில் வகைப் பிரிப்பே அப்படித்தான் இருக்கிறது: இந்தியர், ஆசியர், அரபு, லத்தீனோ என்று. பொட்டும் புடவையும் ஹிஜாபும் அங்கே வெறும் அலங்காரப் பொருள். ஆகவே ஒருவர் ஒரு மதச் சின்னத்தோடு கேமரா முன்னால் நின்றார் என்றால், நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதை யார் உடுத்தச் சொன்னார்கள் என்பதுதான்.

மியா கலீஃபாவின் விஷயம் இதில் எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் தவறாகத் தெரிந்தது. லெபனானின் பெய்ரூட்டில் 1993இல் பிறந்தவர், 2001இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போனார். வளர்ந்தது கத்தோலிக்கராக. லெபனானில் அரசு அங்கீகரித்த மதப் பிரிவுகளே 18 இருக்கின்றன, அங்கிருந்து வருகிறவர் எல்லாம் முஸ்லிம் என்று எழுதுவது அந்த நாட்டையே தெரியாமல் எழுதுவது. 2014 கடைசியில் தொழிலுக்கு வந்து ஒரு சில மாதங்களில் வெளியேறிவிட்டார். அந்தச் சில மாதங்களுக்குள் ஹிஜாப் அணிந்து நடித்த ஒரு காட்சி அவரை உலகம் முழுக்கத் தெரிந்தவராக்கியது, கொலை மிரட்டலும் கொண்டு வந்தது. இதனால் என் உயிருக்கு ஆபத்து வரும் என்று தயாரிப்பாளர்களிடம் தான் சொன்னதாகவும் அவர்கள் சிரித்ததாகவும் பின்னால் அவர் சொன்னார். அந்தத் தொழிலில் மொத்தமாகத் தனக்குக் கிடைத்தது சுமார் 12,000 டாலர் என்று 2019இல் வெளிப்படையாகச் சொன்னார்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். யோசனை கம்பெனியுடையது. பணம் கம்பெனிக்கு. மிரட்டல் அவருக்கு. இதில் "தன் மதத்தை அவமதித்த நடிகை" என்று எழுதினால் அதில் எத்தனை பிழை! அது அவர் மதமே இல்லை, அது அவருடைய யோசனையும் இல்லை. ஹிஜாப் அணியும் பெண்களின் வருத்தத்துக்கு இடம் கொடுங்கள், அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் பொறுப்பை யார் தலையில் வைக்க வேண்டுமோ அங்கே வையுங்கள்.

அவருடைய பூர்வீகப் பற்று தெரிய வேண்டுமானால் வேறு இடத்தில் பாருங்கள். 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறியபோது, அவரைப் பார்த்ததும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் அந்த மூக்குக் கண்ணாடியை ஈபேயில் ஏலத்துக்கு விட்டார், பணம் லெபனான் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு. ஏலத்தொகை ஒரு லட்சம் டாலரைத் தொட்டது. தொழிலில் சம்பாதித்ததாக அவர் சொன்ன தொகையைப் போல எட்டு மடங்கு! பூர்வீகம் என்று தலைப்பிட்டு எழுதுகிறவர் இதை விட்டுவிட்டு அந்தக் காட்சியை மட்டும் எழுதினால் என்ன அர்த்தம்?

நம் பக்கத்திலும் இதே கதைதான். 2021 டிசம்பரில் சன்னி ஆடிய 'மதுபன்' பாடல் வந்தது. ராதையின் பெயர் வருகிற பாட்டுக்கு இப்படியா ஆடுவது என்று மதுராவில் பூசாரிகள் கொதித்தார்கள், மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சர் கெடு விதித்தார், கடைசியில் சரிகம நிறுவனம் பாட்டின் பெயரையும் வரிகளையும் மாற்றுவதாகச் சொன்னது. பாட்டெழுதியவர், நடனம் அமைத்தவர், வெளியிட்ட நிறுவனம் என்று ஒரு கூட்டமே முடிவெடுத்த விஷயத்தில் செய்தித் தலைப்புகளில் வந்தது ஒரே ஒரு பெயர். 2018இல் 'வீரமாதேவி' என்ற படத்தில் வீர அரசியாக அவர் நடிக்கப் போகிறார் என்றதும் கர்நாடகத்தில் சில அமைப்பினர் போஸ்டரை எரித்தார்கள். சரித்திர அரசியாக யார் நடிக்கலாம், யார் நடிக்கக் கூடாது என்ற சண்டை அது. இதையெல்லாம் எழுதும்போது யார் எதிர்த்தார்கள், எந்தத் தேதியில், என்ன கேட்டார்கள், கடைசியில் என்ன ஆனது என்று நான்கையும் எழுதுங்கள். "பெரும் சர்ச்சை வெடித்தது" என்ற வரியில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

திருந்திய கதை, நம் மரபிலேயே இருக்கும் ஆசை

மாதவி நமக்குப் புதியவர் இல்லை. கோவலன் இறந்தான் என்று கேட்டதும் ஆடல் அரங்கை விட்டு, அறவண அடிகளிடம் சரணடைந்து புத்த நெறிக்குப் போகிறார். மகளை அந்தக் குலத்தொழிலுக்கு விடாமல் துறவுக்கு அனுப்புகிறார், மணிமேகலை அமுதசுரபியோடு பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறார். வைசாலியின் ஆம்ரபாலி புத்தருக்கு மாந்தோப்பைக் கொடுத்துத் துறவியான கதையும் அதே வரிசையில் வரும். இரண்டாயிரம் ஆண்டு நெருங்கும் இந்தக் கதை வடிவம் நம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. அதனால்தான் ஒரு முன்னாள் போர்ன் நடிகை குருத்வாராவில் தலையில் துப்பட்டா போட்டு நிற்கும் படத்தைப் பார்த்ததும் நம் கை தானாக "மனம் மாறினார்" என்று தட்டுகிறது.

உண்மையிலேயே மனம் மாறியவர்கள் இருக்கிறார்கள். ஜென்னா பிரெஸ்லி என்ற பெயரில் நடித்த பிரிட்னி டி லா மோரா 2012இல் தொழிலை விட்டுவிட்டுக் கிறிஸ்தவ ஊழியத்துக்கு வந்தார், தன் பழைய வாழ்க்கையைப் பற்றி வெளிப்படையாகச் சாட்சி சொல்கிறார். அவர் கதையை அவர் சொல்கிறபடியே, மரியாதையோடு எழுதுங்கள், அதில் நக்கல் தொனி வேண்டவே வேண்டாம். ஆனால் அந்த அச்சை எடுத்து எல்லோர் மீதும் அழுத்தாதீர்கள். அதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஆனி ஸ்பிரிங்கிள் இருக்கிறார். 1954இல் யூதக் குடும்பத்தில் பிறந்து, போர்ன் படங்களில் நடித்து, பிறகு மேடைக் கலைஞராகி, பாலியல் துறையில் முனைவர் பட்டம் வாங்கியவர். தன் பழைய தொழிலை மறுக்காமலே ஒரு ஆன்மிகத்தை உருவாக்கிக்கொண்டார். 2008இல் தன் துணைவர் பெத் ஸ்டீவன்ஸோடு கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் செம்மரக் காட்டில் பூமியையே மணந்துகொள்வதாக ஒரு சடங்கு நடத்தினார்கள். படிக்கும்போது விசித்திரமாக இருக்கலாம். கன்னிமாருக்குப் பொங்கல் வைத்து, அரசுக்கும் வேம்புக்கும் கல்யாணம் செய்து வைக்கிற ஊர்க்காரர்கள் நாம், இதைப் புரிந்துகொள்ள நமக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை.

சன்னியோ இந்த இரண்டு கரையிலும் இல்லை. 2011இல் டேனியல் வெபரோடு நடந்த கல்யாணம் சீக்கிய முறையிலும் யூத முறையிலும் நடந்தது. அப்போதும் அவர் தொழிலில்தான் இருந்தார். அதே ஆண்டு கடைசியில்தான் 'பிக் பாஸ்' வீட்டுக்கு வந்தார். சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிபைச் சுற்றி நான்கு முறை வலம் வரும் ஆனந்த் காரஜ் என்ற கல்யாணச் சடங்கும் அந்தத் தொழிலும் ஒரே வாழ்க்கையில் ஒரே காலத்தில் இருந்திருக்கின்றன. "மனம் மாறினார்" கதைக்குள் இந்தத் தேதி உட்காராது. தேதியை மாற்ற முடியாது, கதையைத்தான் மாற்ற வேண்டும்.

பேட்டி கிடைத்தால்

2016 ஜனவரியில் ஒரு ஆங்கிலத் தொலைக்காட்சிப் பேட்டியில் சன்னியிடம் கேட்ட கேள்விகளை நாடே கழுவி ஊற்றியது. பழைய வாழ்க்கைக்கு வருந்துகிறீர்களா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள், அவர் குரல் உயர்த்தாமல் பதில் சொன்னார், ஆமிர் கான் அவரோடு நடிக்கத் தயார் என்று அறிவித்தார். அந்தப் பேட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு உங்கள் கேள்வித்தாளை எடுங்கள். "உங்கள் மதம் இதை அனுமதிக்கிறதா?" என்ற கேள்வி இருந்தால் அடித்துவிடுங்கள், அது கேள்வியே இல்லை, குற்றப்பத்திரிகை. வீட்டில் என்ன பண்டிகை கொண்டாடினீர்கள், யார் என்ன சமைத்தார்கள், அம்மா சொல்லிக்கொடுத்த பிரார்த்தனை ஏதாவது இன்னும் வாயில் வருகிறதா, ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வருவது எப்போது நின்றது, பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தபோது என்ன யோசித்தீர்கள் என்று கேளுங்கள். சின்னக் கேள்விக்குத்தான் பெரிய பதில் வரும். பதில் சொல்ல மாட்டேன் என்றால் சரி என்று அடுத்ததுக்குப் போங்கள். நம்பிக்கை சொந்த விஷயம், எல்லோருக்கும் எப்படியோ அப்படி.

என்ன பேச்சு எந்த ஆண்டில் சொன்னது என்று குறித்துக்கொள்ளுங்கள். மனிதர்களின் நம்பிக்கை நகர்ந்துகொண்டே இருக்கும், 2012இல் சொன்னதை இன்றைய கருத்தாக எழுதினால் அது பொய்.

அப்புறம் சரிபார்ப்பு. சீக்கியம் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் சென்னையிலேயே தி. நகர் ஜி.என். செட்டி சாலையில் குருத்வாரா இருக்கிறது, போய்ப் பாருங்கள். தலையை மூடிக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு உள்ளே போகலாம், எந்த மதக்காரர் என்று யாரும் கேட்க மாட்டார்கள், லங்கர் என்ற பொது உணவுக்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். அங்கே போய் சன்னி லியோனியைப் பற்றிக் கருத்துக் கேட்டு யாரையும் சங்கடப்படுத்தாதீர்கள். கவுர் பற்றிக் கேளுங்கள், ஆனந்த் காரஜ் பற்றிக் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள். "சீக்கியக் கோவில் பூசாரி" போன்ற சொற்களை உங்கள் கட்டுரையிலிருந்து எடுக்க இது ஒன்றே வழி. கிரந்தி என்றுதான் எழுத வேண்டும்.

வெளியிடும் முன்

சட்டம் இரண்டு இடத்தில் குறுக்கே வரும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு ஆபாசமானதை இணையத்தில் பரப்புவதற்கு, 67ஏ பாலியல் செயலை வெளிப்படையாகக் காட்டுவதற்கு. முதல் குற்றத்துக்கே முறையே மூன்றாண்டு, ஐந்தாண்டு வரை சிறை. ஆகவே படக்காட்சித் துணுக்கு, இணைப்பு எதுவும் கூடாது, "மங்கலாக்கிப் போட்டேன்" என்ற சமாதானமும் வேண்டாம். மத உணர்வைத் திட்டமிட்டுப் புண்படுத்துவதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு இருக்கிறது. நேர்மையாக எழுதப்பட்ட கட்டுரை இதில் மாட்டுவதற்குக் காரணமில்லை, ஆனால் கவர்ச்சிப் படத்துக்குப் பக்கத்தில் குருத்வாராவை ஒட்டிச் செய்த தம்ப்நெயிலைப் பார்த்து ஒருவர் புகார் கொடுத்தால் உங்கள் கட்டுரையை யாரும் படிக்கப் போவதில்லை, தம்ப்நெயிலைத்தான் பார்ப்பார்கள்.

பிள்ளைகளின் பெயரும் படமும் வேண்டாம். பத்திரிகைகளில் நூறு தடவை வந்திருந்தாலும் வேண்டாம். தத்தெடுத்த கதை, பள்ளி, உடல்நிறம் பற்றிய பேச்சு எதுவுமே உங்கள் கட்டுரைக்குத் தேவையில்லை. நாளை அந்தப் பிள்ளை தன் பெயரைத் தேடும்போது உங்கள் பக்கம் வரக் கூடாது.

கட்டுரையைப் போட்ட அன்று முதல் சில மணி நேரம் கமெண்ட் பகுதியில் உட்காருங்கள். மதத்தை இழுத்து வசை எழுதுகிறவர்கள் முதலில் வந்துவிடுவார்கள், அவற்றை நீக்குங்கள், பதிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். தகவல் தவறு என்று யாராவது சுட்டினால், குறிப்பாக அந்த மதத்தைச் சேர்ந்தவர் சுட்டினால், சரிபார்த்துத் திருத்தி, திருத்திய தேதியையும் கட்டுரையின் கீழேயே போட்டுவிடுங்கள்.